கொடியில் காயும் சீலையும் கரும்பலகையில் கீறும் படமும்



கொஞ்சம் நீளமான பதிவு. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பொறுப்பாக நிற்கிற ஆசிரியர்களும், பெற்றோரும் கடைசி வரை வாசித்தால் சந்தோசம். மற்றவர்கள் கச்சான் காற்றுப் பற்றிய பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். அது எங்கட ஊர்க் கதை.

பல வருடங்களுக்கு முன், உயர்தர வகுப்பொன்றில் நீரின் அவத்தை வரிப்படம் கீறிக்கொண்டிருந்தேன். இரசாயனவியல் படித்தவர்களுக்கு அந்தப் படம் மறந்திருக்காது. கிடை அச்சில் வெப்பநிலை, நிலைக்குத்து அச்சில் அமுக்கம். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும். இடப்பக்கம் பனிக்கட்டி, மேலே வலப்பக்கம் திரவம், கீழே ஆவி. சந்திக்கிற இடம் மும்மைப் புள்ளி: 0.01 பாகை செல்சியஸ், 0.611 கிலோபஸ்கால். அங்கே மட்டும்தான் பனிக்கட்டியும் தண்ணீரும் ஆவியும் மூன்றும் ஒன்றாகச் சமநிலையில் இருக்கும். திரவத்தையும் ஆவியையும் பிரிக்கிற கோடு மேலேறிப் போய் 374 பாகையில், கிட்டத்தட்ட 218 வளிமண்டல அமுக்கத்தில் முடிந்துவிடும். அது அவதிப் புள்ளி. அதற்கப்பால் இது திரவம், இது ஆவி என்று பிரித்துச் சொல்ல ஏலாது. பிறகு 1 வளிமண்டலத்தில் ஒரு புள்ளிக்கோடு போடுவோம். அது 0 பாகையில் ஒரு கோட்டை வெட்டும், 100 பாகையில் மற்றதை வெட்டும். பனிக்கட்டிக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள கோடு இடப்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் மார்க்ஸ் போய்விடும். இவ்வளவுதான் பாடம். கீறி, பெயரிட்டு, கடந்தகால வினாத்தாள் இரண்டு செய்தால் அலகு முடிந்தது.

அன்றைக்கு முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தியது.

"சேர், 30 பாகையில 1 வளிமண்டல அமுக்கத்தில தண்ணி திரவமாத்தான் இருக்கணும் எண்டு படம் சொல்லுது. அப்ப எங்கட உம்மா கொடியில போட்ட சீலை எப்பிடிக் காயுது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஆவியாதல் மகள், இது கொதித்தல். ரெண்டும் வேற வேற. பரீட்சைக்கு இப்பிடிக் கேக்க மாட்டாங்க."

பிள்ளை இருந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன்.

யோசித்துப் பாருங்கள், நான் பதில் சொல்லவே இல்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பிள்ளை கேட்டது "படம் பொய்யா, சீலை பொய்யா" என்று. இரண்டும் பொய்யில்லை என்றால் நான் ஒன்றைப் பிழையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு விளங்கியது ஒரு பதில் பாடவேளையில். பௌதிகவியல் ஆசிரியர் லீவு. வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன். நிரம்பலாவி அமுக்கம் என்ற அட்டவணை. 25 பாகையில் 3.17 கிலோபஸ்கால். 30 இல் 4.24. 35 இல் 5.62. 40 இல் 7.38. 100 இல் 101.3. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று உறைத்தது: இது நான் இரசாயனவியலில் கீறுகிற அதே கோடு! திரவத்தையும் ஆவியையும் பிரிக்கிற அந்த வளையியின் ஆள்கூறுகள்தான் இந்த அட்டவணை. ஒரே கோட்டை ஒரு மாடியில் நான் ஒரு பெயரில் படிப்பிக்கிறேன், அடுத்த மாடியில் இன்னொருவர் இன்னொரு பெயரில் படிப்பிக்கிறார். இரண்டு பாடத்தையும் ஒரே பிள்ளைதான் படிக்கிறது. ஒருவரும் அந்தப் பிள்ளையிடம் இரண்டும் ஒன்றென்று சொல்வதில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

சரி, இப்போது அந்தச் சீலைக்கு வருவோம்.

பாடப்புத்தகப் படம் ஒரு மூடிய பாத்திரத்துக்குரியது. உள்ளே தண்ணீர் மட்டும்தான், வளி இல்லை. தனிக்கூறுத் தொகுதி என்று நாங்கள் மனப்பாடமாகச் சொல்வது இதைத்தான். ஆகவே நிலைக்குத்து அச்சில் இருக்கிற அமுக்கம் தண்ணீருடைய சொந்த அமுக்கம். முற்றத்தில் இருக்கிற 101 கிலோபஸ்காலில் பெரும்பங்கு நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் சொந்தமானது. நீராவியின் பங்கு எங்கள் ஊரில் 3 கிலோபஸ்கால் அளவில் இருக்கும். அப்படியென்றால் 30 பாகைக்கு நேரே புள்ளியை எங்கே வைக்க வேண்டும்? 101 இல் அல்ல, 3 இல். 30 பாகையில் கோடு இருப்பது 4.24 இல். 3 அதற்குக் கீழே. கோட்டுக்குக் கீழே இருப்பது ஆவிப் பிரதேசம். ஆகவே சீலையிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. அந்தச் சீலையைச் சுற்றியுள்ள வளியில் நீராவி கோட்டைத் தொடும் வரைக்கும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். தொட்டுவிட்டால் நிற்கும். மாரி மழையில் மூன்று நாளாகியும் சாரன் காயாமல் மணக்கிறதே, அது அந்தக் கோட்டில் நிற்கிற நாள்.

படம் சரி. சீலையும் சரி. நாங்கள் புள்ளியைப் பிழையான இடத்தில் வைத்துப் பழகிவிட்டோம்.

கொதித்தல் என்பதும் இதே கோடுதான். தண்ணீரின் சொந்த ஆவியமுக்கம் வெளியே அழுத்துகிற முழு அமுக்கத்துக்குச் சமமாகிற இடத்தில் தண்ணீருக்குள்ளேயே குமிழி உண்டாகிறது, அவ்வளவுதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே அது கிட்டத்தட்ட 94 பாகையிலேயே நடந்துவிடும். மலையில் பருப்பு வேக நேரமெடுக்கும் என்ற உதாரணத்தை எல்லாப் புத்தகத்திலும் போடுகிறார்கள். வருடத்தில் ஒருதரம் சுற்றுலா போகிற பிள்ளைக்கு அது உதாரணம். கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, நடுவிலுள்ள மணல் திட்டில் பிறந்து வளர்கிற எங்கள் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் கண்முன்னே நடக்கிறது வேறு. அதைப் புத்தகத்தில் ஏன் தேட வேண்டும்?

வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை சொல்கிறேன். ஒரு மினுக்கமான சில்வர் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வெப்பமானியை வையுங்கள். ஐஸ் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். கோப்பையின் வெளிப்பக்கம் மங்கத் தொடங்குகிற வெப்பநிலையைக் குறியுங்கள். அதுதான் பனிபடுநிலை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான நாட்களில் 24, 25 பாகையிலேயே கோப்பை வியர்த்துவிடும். 25 என்றால் அட்டவணையில் 3.17. இப்போது உங்கள் முற்றத்து வளியிலுள்ள நீராவியின் அமுக்கத்தை ஒரு கோப்பையும் இரண்டு ஐஸ் துண்டும் வைத்து அளந்துவிட்டீர்கள். வரிப்படத்தில் அன்றைய புள்ளியை நீங்களே வைக்கலாம். இதைச் செய்துவிட்டு வருகிற வகுப்புக்கு அந்தக் கோடு மறப்பதில்லை. டியூஷன் வகுப்புகளில் நோட்ஸ் கொடுத்து நூறு தரம் கீறுவித்தாலும் இது வராது என்று அடித்துச் சொல்வேன். (டியூஷன் எடுக்கிற நண்பர்கள் கோபிக்க வேண்டாம். நானும் எடுத்தவன்தான்.)

இனிக் கச்சான்.

கச்சான் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு வறுத்துச் சுருளில் கட்டி விற்கிறதுதான் ஞாபகம் வரும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று வாப்பாமார் காற்றுக்குப் பெயர் சொன்ன காலம் போய்விட்டது. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி அடிக்கிற அந்த வறண்ட சூட்டுக் காற்று; உதடு வெடிக்கும், கதவு நிலை விரிசல் விடும், கடற்காற்று வரவே வராது. ஆங்கில வானிலையியல் அகராதிகளில் "கச்சான்" என்ற சொல் எங்கள் உச்சரிப்பிலேயே இருக்கிறது, மட்டக்களப்பின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. கடற்காற்றையே தள்ளிவிட்டு வெப்பநிலையை 38 பாகை வரை ஏற்றக்கூடிய காற்று என்று எழுதியிருக்கிறார்கள். அல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீசும் "போன்", அமெரிக்க ரொக்கி மலையின் "சினூக்" ஆகியவற்றின் உறவுக்காரன் இது. உலகம் எங்கள் காற்றைப் பாடமாக வைத்திருக்கிறது. நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு அல்ப்ஸைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கச்சானைச் சொல்லாமல் விடுகிறோம்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வெயிலில் இருந்து என்று நினைப்போம். அதன் ஒரு பங்கு மேற்கு மலையில் பெய்த மழையிலிருந்து வருகிறது. கணக்குப் போடுவோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் 28 பாகையில் ஈரத்தோடு ஏறுகிறது என்று வையுங்கள். வளி மேலேறினால் விரியும், விரிந்தால் குளிரும். மேகம் உண்டாகும் வரை கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை வீதம் குளிரும்; முதல் 500 மீற்றரில் 23 ஆகிவிடும். அங்கே புள்ளி கோட்டைத் தொடுகிறது. அதற்குமேல் ஏற ஏற நீராவி ஒடுங்கி மேகமாகி மழையாகிறது. ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளியே வந்து வளியைச் சூடாக்கும். அதனால் இப்போது கிலோமீற்றருக்கு 5 பாகை அளவுதான் குளிரும். 2,000 மீற்றர் உச்சியில் 15.5 பாகை. தண்ணீரை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, உலர்ந்த வளி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது ஒடுங்கலும் இல்லை, மேகமும் இல்லை. கிலோமீற்றருக்கு முழுசாக 10 பாகை வீதம் சூடேறும். கீழே வரும்போது 35.5. ஏறும்போது 28, இறங்கும்போது 35.5. இடையிலுள்ள 7.5 பாகை வட்டவளைப் பக்கம் கொட்டிய மழையின் மறைவெப்பம். உண்மையில் இவ்வளவு நேர்த்தியாக நடக்காது. ஆனால் அடிப்படை இதுதான். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு, அதுவும் பெரும்பாலும் மாரியில். மலைக்கு அந்தப் பக்கம் குடை, இந்தப் பக்கம் கச்சான். இரண்டும் ஒரே கோட்டின் வேலை.

இதே மறைவெப்பம் வேறு உருவத்திலும் எங்களைத் தேடி வந்திருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "புயலடிச்ச வருசம்" என்றுதான் வயதுக் கணக்குச் சொல்வார்கள். சூடான கடலிலிருந்து எழுந்த ஆவி மேலே ஒடுங்கி விட்ட வெப்பம்தான் அந்தப் புயலின் எரிபொருள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விசயம்.

கச்சான் நாளில் எங்கள் உம்மம்மா முட்டியில் வைத்த தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். பள்ளியில் வுழூச் செய்துவிட்டு நடந்தால் முகம் ஜில்லென்று இருக்கும். அதே முட்டி ஏப்ரல், மேயில் காற்று நின்ற புழுக்க நாளில் குளிராது. வெப்பமானியில் பார்த்தால் கச்சான் நாள்தான் கூடச் சூடு! ஏன் இப்படி? முட்டியின் துளைகளால் கசிகிற தண்ணீர் ஆவியானால்தான் முட்டி குளிரும். ஆவியாவதற்கு வளியில் இடம் வேண்டும். கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே தூரம் வேண்டும்.

எங்கள் உடம்பும் அந்த முட்டிதான். வேர்க்கிற தோலின் வெப்பநிலை கிட்டத்தட்ட 35 பாகை. அங்கே கோடு 5.6 கிலோபஸ்காலில் இருக்கிறது. கச்சான் நாளில் 37 பாகை, சாரீரப்பதன் 40 சதவீதம் என்று எடுத்தால் வளியிலுள்ள நீராவி 2.5. இடைவெளி 3.1. வியர்வை உடனே போய்விடும். புழுக்க நாளில் 32 பாகைதான், ஆனால் சாரீரப்பதன் 80 என்றால் வளியிலேயே 3.8 இருக்கிறது. இடைவெளி 1.8. ஐந்து பாகை குறைந்த நாளில் உடம்பைக் குளிர்விக்கிற வழி பாதியளவுக்கு அடைபட்டுப்போகிறது. ஒரு லீற்றர் வியர்வை தோலில் ஆவியானால் கிட்டத்தட்ட 2,400 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே ஒரு லீற்றர் தண்ணீரை 30 இலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கத் தேவைப்படுவதைப் போல எட்டு மடங்கு அது. ஆனால் நெற்றியிலிருந்து நிலத்தில் சொட்டுகிற வியர்வை எதையும் கொண்டுபோகாது. புழுக்க நாளில் சட்டை நனைந்து ஒட்டுகிறதே, அது உடம்பு குளிர்கிறதென்ற அடையாளம் அல்ல. ஆவியாக ஏலாமல் தேங்கி நிற்கிறது என்ற அடையாளம்.

போனில் 32 பாகை என்று போட்டுவிட்டுக் கீழே "உணரப்படுவது" என்று 40 ஐத் தாண்டிய ஓர் எண்ணைக் காட்டும். "சேர், இது போனுக்குக் கிறுக்கா?" என்று பையன்கள் கேட்பார்கள். கிறுக்கில்லை. அந்த இரண்டாவது எண்ணில்தான் ஈரப்பதன் இருக்கிறது. எங்கள் வளிமண்டலவியல் திணைக்களமும் மார்ச் முதல் மே வரையான நாட்களில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது ஈரப்பதனைச் சேர்த்துத்தான் கணிக்கிறது. கிழக்கு மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வரும். கல்வி அமைச்சும் சூடு கூடிய நாட்களில் வெளிச் செயற்பாடுகளைக் குறைக்கச் சொல்லி அறிவித்திருக்கிறது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசிய வரைபடம். அது வட்சப்பில் வந்து சேர்ந்து, அதிபர் பார்த்து, பொறுப்பாசிரியருக்குச் சொல்லி... அதற்குள் 1,500 மீற்றர் ஓட்டம் தொடங்கியிருக்கும்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில வருடங்களாக நோன்பு விடுமுறை முதலாம் தவணைக்குள் வந்து விழுகிறது. ஆகவே இல்ல விளையாட்டுப் போட்டியை நோன்புக்கு முன்னர் அவசர அவசரமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருநாள் கழித்து, வெயில் உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் வைக்க வேண்டும். நான் முன்பு படிப்பித்த ஓர் இடத்தில் ஒரு புழுக்க நாளில் அணிநடை ஒத்திகைக்குப் பிள்ளைகளை ஒன்றரை மணித்தியாலம் மைதானத்தில் நிறுத்தினோம். நானும் நின்றவன், "நிறுத்தினோம்" என்றுதான் சொல்ல வேண்டும். முகில் மூடியிருந்தது. வெயில் இல்லையே, பரவாயில்லை என்று பேசிக்கொண்டோம். காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. தரம் 8 பிள்ளை ஒன்று விழுந்தது. தூக்கும்போது உடம்பு நெருப்பாகக் கொதித்தது, முகம் முழுக்க நனைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. "காலையில சாப்பிடாம வந்திருக்கு" என்று முடிவு கட்டினார்கள். நானும் தலையாட்டினேன். பிள்ளை சாப்பிட்டுத்தான் வந்தது என்று பிறகு அதன் ராத்தா சொன்னா.

நீராவி அமுக்கக் கோட்டை வருடா வருடம் கீறுகிறவன் நான். அந்த மைதானத்தில் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஓடவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

எனது கருத்து இதுதான்: பாடசாலை மைதானத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைச் சாதாரண வெப்பமானியையோ வெயிலையோ பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஈரக்குமிழ் வெப்பமானியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பயப்பட வேண்டாம், பெரிய கருவி இல்லை. ஆய்வுகூடத்தில் இருக்கிற வெப்பமானி ஒன்றின் குமிழைச் சுற்றிப் பழைய பருத்தித் துணிக் கீலமொன்றைக் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கள். பக்கத்தில் கட்டாத வெப்பமானி ஒன்று. நிழலில் தொங்கவிட்டு, மட்டையால் நன்றாக விசிறிவிட்டு வாசியுங்கள். ஈரத்துணி கட்டியது குறைவாகக் காட்டும். அந்த நாளில் ஆவியாதல் எவ்வளவு தூரம் குளிர்விக்கும் என்பதன் அளவு அது. மேலே சொன்ன கச்சான் நாளில் ஈரக்குமிழ் 26 அளவில் நிற்கும். 32 பாகைப் புழுக்க நாளில் 29 இல் நிற்கும். வெப்பமானி ஒன்று சொல்ல, ஈரக்குமிழ் நேர் எதிராகச் சொல்லும்.

ஈரக்குமிழ் 35 ஐத் தொட்டால் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும், நிழலில் சும்மா இருந்தாலும் உடம்பு தன்னைக் குளிர்விக்க ஏலாது என்று 2010 இல் ஸ்டீவன் ஷேர்வுட், மத்தியூ ஹியூபர் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளவயது ஆரோக்கியமானவர்களை வைத்துச் சோதித்தார்கள். உடம்புச் சூடு கட்டுமீறத் தொடங்கியது 35 இல் அல்ல, ஈரமான வளியில் 31 அளவிலேயே. இளவயதுக்காரர், ஆரோக்கியமானவர், மெல்லிய வேலை மட்டும் செய்தவர். எங்கள் புழுக்க நாள் 29 இல் நிற்கிறது. இடையில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள். அதற்குள் ஓட்டப் போட்டி வேறு.

இது எங்கள் ஊருக்குப் புதுசான அறிவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் கட்டாரில் வேலை செய்கிறார்கள்! கேட்டுப் பாருங்கள். அங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலை தடை. அதற்கு மேலாக 2021 இலிருந்து இன்னொரு சட்டம்: வேலையிடத்தில் ஒரு குறிப்பிட்ட வெப்ப அளவு 32.1 ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அந்த அளவில் பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழ் வெப்பநிலை. இரண்டு பங்கு வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பநிலை. சாதாரண வெப்பமானிக்குக் கிடைப்பது ஒரே ஒரு பங்கு. ரியாத்தில் 45 பாகையில் வேலை செய்தவனும் தம்மாமில் 38 பாகையில் வேலை செய்தவனும் லீவில் வந்து பேசிக்கொள்ளும்போது தம்மாம்காரன்தான் கூடப் புலம்புவான். அவனுக்கு இந்தக் கோட்டைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தோல் சொல்லிக்கொடுத்தது. கட்டடம் கட்டுகிற வாப்பாவுக்கு அங்கே இருக்கிற பாதுகாப்பு மகளுக்கு இங்கே மைதானத்தில் இல்லை.

எந்த எண்ணில் நிறுத்துவது என்று கேட்பீர்கள். ஈரக்குமிழ் 28 ஐத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டமும் அணிநடையும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வைத்தியர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் திருத்துங்கள், எண்ணை மாற்றிக்கொள்கிறேன். காலை 6.30 க்கும் அஸருக்குப் பின்னும் மைதானம் சும்மாதானே கிடக்கிறது? பெண்பிள்ளைகளின் உடையைப் பற்றிச் சிலர் பின்னூட்டத்தில் தொடங்குவீர்கள் என்று தெரியும். நான் உடையை மாற்றச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறேன். முழு உடையோடு நிற்கிற பிள்ளைக்கு வியர்வை ஆவியாக இன்னும் குறைந்த இடம்தான் இருக்கிறது என்பதால் நேரத்தைப் பற்றி எங்களுக்குத்தான் மற்றவர்களைவிட அக்கறை கூட இருக்க வேண்டும்.

கச்சான் நாள் பாதுகாப்பானது என்றும் விளங்கிக்கொள்ளாதீர்கள். அந்தக் காற்றில் வியர்ப்பதே தெரியாது, தெரியாமலே உடம்புத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். அன்றைக்குத் தேவை குடிதண்ணீர். புழுக்க நாளில் தண்ணீர் மட்டும் போதாது, வேலையை நிறுத்த வேண்டும். வெப்பமானி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைக் காண ஏலாது.

"பாடத்திட்டத்தில் இல்லாததைப் படிப்பிக்கச் சொல்றீங்க சேர்" என்று ஓர் இளம் ஆசிரியர் சொன்னார். தம்பி, எல்லாம் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. அவத்தை வரிப்படம் இரசாயனவியலில் இருக்கிறது, சாரீரப்பதன் பௌதிகவியலில் இருக்கிறது, வியர்வை உயிரியலில் இருக்கிறது. மூன்று ஆசிரியர்களும் ஓய்வறையில் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிக்கிறோம். அந்த மேசையில் ஒரு பத்து நிமிடம் போதும்.

நெல் காயப்போடுகிறவர்களுக்கும் கருவாடு போடுகிறவர்களுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதன் கேட்கிறது. முகில் மூடிய நாளில் தார் வீதியில் எத்தனை மணித்தியாலம் பரப்பினாலும் ஏன் அது இறங்காது என்பதும் இதே கதைதான். பதிவு ஏற்கனவே நீண்டுவிட்டது.

அன்று கேள்வி கேட்ட பிள்ளையைப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். இப்போது அவவும் ஆசிரியை. "மகள், அண்டைக்கு நீங்க கேட்ட கேள்விக்கு நான் பிழையான பதில் சொல்லிட்டன்" என்றேன். அவவுக்கு அந்தக் கேள்வியே ஞாபகமில்லை. "நான் அப்பிடியெல்லாம் கேட்டனா சேர்?" என்று சிரித்தா. எனக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது.

போன கிழமை தரம் 12 பிள்ளைகள் ஆய்வுகூட யன்னலோரம் இரண்டு வெப்பமானி தொங்கவிட்டிருக்கிறார்கள். துணிக் கீலம் ஒரு பிள்ளையின் வாப்பாட பழைய சாரன். ஒவ்வொரு இடைவேளைக்கும் வாசித்துக் கரும்பலகை மூலையில் எழுதுகிறார்கள். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் முதலில் சிரித்தார். நேற்று அவராகவே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்று காலை 10.30: உலர் 31, ஈர 27.